இதயத்தின் கடைமடை

(நன்னிலத்தில் நடைபெற்ற நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் அவர்கள் அன்பு மிகுதியால் என்னை "டாக்டர்" என்று அறிமுகப்படுத்திவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. நம் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கினேன். பிறகு இதயப் பரிசோதனைத் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டு, முப்பது வருஷத்துக்கும் மேலாக எக்கோ எடுக்கிறேன். படம் பிடிப்பது என் வேலை, வைத்தியம் சொல்வது டாக்டர் வேலை. ஆகவே நான் இங்கே சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எதைப் பற்றிப் பேசலாம் என்று யோசித்தேன். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு பிள்ளைகள் கல்யாணத்தில் ஆரம்பித்து ஆஞ்சியோகிராமில் முடிகிறது. ஆளாளுக்குப் பையில் ஒரு எக்கோ ரிப்போர்ட் இருக்கிறது. அதில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாதவர்கள் பயப்படுகிறார்கள், கவனமாக இருக்க வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதனால் எக்கோ என்பது இதயத் தசையை எப்படி எடை போடுகிறது, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையே இன்று பேச எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்பளைக்கும் ஸ்கேனா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஸ்கேன்னா புள்ளத்தாச்சிக்குத்தானே எடுப்பாங்க, எனக்கு எதுக்கு தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதும் மார்பில் இதயத்தைப் பார்ப்பதும் ஒரே வித்தைதான். இரண்டுக்கும் கேளா ஒலிதான் கருவி. எக்ஸ்ரே போல் கதிர்வீச்சு கிடையாது. ஊசி கிடையாது, வலி கிடையாது.

இ.சி.ஜி. எடுத்தாயிற்றே, எக்கோ வேறு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நம்ம ஊர் பம்ப்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது இ.சி.ஜி. அந்த மோட்டார் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்ப்பது எக்கோ. கரண்ட் சரியாக இருந்தும் தண்ணீர் குறையலாம் அல்லவா?

இயற்பியல் மாணவர்கள் இங்கே இருப்பதால் ஒரு சின்னக் கணக்கு. நம் காதுக்கு எட்டுவது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான். பெரியவர்களுக்கு எக்கோ எடுக்கும்போது நாங்கள் அனுப்புவது 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் அதிர்வுகள். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகங்களின் குணத்தை 1880-81 ஆம் ஆண்டுகளில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். எங்கள் கையில் இருக்கும் ப்ரோபின் உயிரே அந்தக் குணம்தான். உடம்பின் மென்தசையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1540 மீட்டர் வேகத்தில் போகும். 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 30 செ.மீ. தூரம். வகுத்துப் பாருங்கள், விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. அதனால்தான் துடிக்கும் இதயத்தை அது துடிக்கிற வேகத்திலேயே திரையில் காட்ட முடிகிறது.

மார்பில் பசை மாதிரி ஒன்றைத் தடவுகிறோமே, அது மருந்து இல்லை. ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். காற்றை வெளியேற்றத்தான் அந்த ஜெல். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அப்படிப் படுத்தால் இதயம் மார்புச் சுவருக்குப் பக்கத்தில் வரும், காற்று நிறைந்த நுரையீரல் கொஞ்சம் ஒதுங்கும். விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள சின்னச் சந்துதான் எங்களுக்கு ஜன்னல்.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த கருவி

இந்த வித்தை மருத்துவமனையில் பிறக்கவில்லை. ஸ்வீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவர் இருந்தார். மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்பது ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதே ஊரில் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் இருந்தார். அதிர்வெண்ணை அளக்க 'ஹெர்ட்ஸ்' என்று சொல்கிறோமே, அந்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் குடும்பத்தில் வந்தவர். பக்கத்தில் மால்மோ துறைமுகத்தில் இருந்த கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று கேளா ஒலியால் பார்க்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். இரும்பில் விரிசல் தெரியும் என்றால் இதயத்தில் வால்வு தெரியாதா என்று இருவரும் யோசித்தார்கள். 1953 அக்டோபர் 29 ஆம் தேதி, துடிக்கும் இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். 1977 இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

அன்றைக்குக் கிடைத்தது படம் இல்லை, மேலும் கீழும் நெளியும் கோடு. அமெரிக்காவில் இண்டியானாவைச் சேர்ந்த ஹார்வி ஃபைகன்பாம் அந்தக் கோடுகளை வைத்தே இதய அறையின் அளவையும் சுவரின் அசைவையும் கணக்கிடும் முறையை வளர்த்து, 1972 இல் அதற்கென ஒரு பாடநூலே எழுதினார். அதன் பிறகுதான் நாம் இன்று பார்க்கும் அசையும் படம் பரவலாக வந்தது.

ஒரு டாக்டரும் ஒரு இயற்பியல்காரரும் ஒரு மேஜையில் உட்கார்ந்ததால் பிறந்தது இது. "பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்கும் மாமாக்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அறுபது என்றால் பாஸா, ஃபெயிலா?

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' என்று போட்டு 60 சதவீதம் என்றோ 35 சதவீதம் என்றோ எழுதியிருக்கும். எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் என்பதன் சுருக்கம் அது.

வாய்க்காலிலிருந்து வயலுக்கு இறைகூடையால் தண்ணீர் இறைப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கூடை நிறைய மொண்ட தண்ணீரில் எத்தனை பங்கு வயலில் போய் விழுந்தது என்று கேட்பது போன்றதுதான் இந்தக் கணக்கு. இதயத்தின் இடது கீழறை விரிந்திருக்கும்போது 120 மில்லி ரத்தம் இருக்கிறது, சுருங்கி முடித்தபின் 50 மில்லி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே போனது 70 மில்லி. எழுபதை நூற்றிருபதால் வகுத்தால் 58 சதவீதம். இது நல்ல இதயம். நூறு சதவீதமும் வெளியே தள்ளுகிற இதயம் யாருக்கும் கிடையாது. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை, பெண்களுக்கு 54 முதல் 74 வரை சாதாரண அளவு என்று 2015 ஆம் ஆண்டின் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது.

இது தெரியாததால் எத்தனை கலவரம் தெரியுமா? ஒரு தாயாருக்கு எக்கோ எடுத்து 60 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தேன். மகன் வெளியே போனவர் அரை மணி நேரத்தில் கண் கலங்கத் திரும்பி வந்தார். "சார், அப்ப நாப்பது பர்சென்ட் கெட்டுப் போச்சுங்களா?" என்றார். உட்கார வைத்து இந்த இறைகூடைக் கணக்கைச் சொன்னேன். "பரீட்சை மார்க் மாதிரி நெனச்சுட்டேங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இன்னொரு விஷயம். இந்த எண் தராசில் நிறுத்த எண் இல்லை. நாங்கள் திரையில் இதய அறையின் ஓரத்தை வரைகிறோம், கருவி கணக்குப் போடுகிறது. வரைகிற கை மாறினால், படத்தின் தெளிவு மாறினால், எண்ணும் ஐந்து பத்து மாறும். போன தடவை 40, இந்தத் தடவை 37 என்றதும் "இறங்கிருச்சே" என்று வீடே இடிந்துபோக வேண்டாம். அந்த வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரக்கூடியது.

35 என்று வந்தாலும் அதைக் கெடு தேதியாக நினைக்க வேண்டாம். முன்பு இல்லாத நல்ல மருந்துகள் இன்று இருக்கின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டு 30 இலிருந்து 50 க்கு வந்தவர்களை நானே திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கிறேன். ஏறிவிட்டதே என்று அவர்கள் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

கடைமடை முதலில் காயும்

பயந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். இனி, அறுபது என்று பார்த்ததும் ரிப்போர்ட்டை மடித்துப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரி ரத்தக் குழாய்கள் இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடுகின்றன. அங்கிருந்து கிளை பிரிந்து, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று தசைக்குள் இறங்குகின்றன. வெளி அடுக்குக்கு முதலில் ரத்தம், உள் அடுக்குக்குக் கடைசியில். அதோடு, இதயம் சுருங்கும்போது உள் அடுக்கு அதிகம் நசுங்கும். அதனால் இதயம் தளரும் நேரத்தில்தான் அதற்கு ரத்தம் ஓடும். மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, நம்ம முடிகொண்டான் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் வந்து சேருவதற்குள் என்ன பாடு என்பது கடைமடைக்காரர்களான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. இதயத்திலும் அதே கதைதான். உள் அடுக்கு இதயத்தின் கடைமடை.

அந்த உள் அடுக்கில் தசை நார்கள் இதயத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. நடு அடுக்கில் வளையம் வளையமாகச் சுற்றி ஓடுகின்றன. வெளி அடுக்கில் மீண்டும் சாய்வாக. ஈர வேட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவது போல இதயம் சுருங்குவது இந்த அமைப்பினால்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் குழாய் அடைப்பு இவற்றால் பெரும்பாலும் முதலில் தளர்வது உள் அடுக்கின் நீளவாக்கு நார்கள். அப்போது நடு அடுக்கின் வளைய நார்கள் சேர்த்து வைத்து உழைத்து ஈடு கட்டும். ஆகவே மொத்தக் கணக்கில் ஈ.எஃப். 60 என்றே காட்டும். தலைமடையும் நடுமடையும் பச்சைப் பசேல் என்று இருந்தால் மொத்த விளைச்சல் கணக்கில் கடைமடை காய்ந்தது தெரியாது. அங்கே வயல் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைமடையை எட்டிப் பார்க்க இப்போது ஒரு வழி இருக்கிறது. 'ஸ்ட்ரெயின்' என்று பெயர். இயற்பியல் மாணவர்களுக்குப் பழகிய சொல்தான். மாறிய நீளத்தைப் பழைய நீளத்தால் வகுப்பது, நம் ஆய்வுக்கூடத்தில் கம்பியை இழுத்து யங் குணகம் பார்த்தபோது போட்ட அதே கணக்கு. நார்வே நாட்டின் ட்ரோன்ட்ஹைமில் 1990களின் கடைசியில் டாப்ளர் முறையால் இதயத் தசையின் ஸ்ட்ரெயினை அளக்கத் தொடங்கினார்கள். 2004 வாக்கில் அசையும் சாதாரண எக்கோ படத்திலிருந்தே அதை எடுக்கும் முறை வந்தது.

எப்படி எடுக்கிறது? களத்தில் நெல்லைத் தூற்றிப் பொலி குவித்துவிட்டு ராத்திரி காவலுக்குப் போகும் முன், குவியலின் மேல் சாம்பலாலோ சாணிப்பாலாலோ குறி போட்டு வைப்பார்கள். காலையில் குறி கலைந்திருந்தால் யாரோ நெல்லில் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எக்கோ படத்தில் இதயத் தசை பொட்டுப் பொட்டாகத் தெரியும். ஒவ்வொரு சிறு பகுதியிலும் அந்தப் பொட்டுகளின் கோலம் தனித்தனி. கம்ப்யூட்டர் அந்தக் கோலங்களையே குறியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் எந்தக் குறி எங்கே நகர்ந்தது, இரண்டு குறிகளுக்கு நடுவில் தூரம் எவ்வளவு குறைந்தது என்று பின்தொடர்கிறது. நல்ல இதயத்தில் நீளவாக்கில் தசை சுமார் 20 சதவீதம் குறுகும். பத்து செ.மீ. இருந்தது எட்டு செ.மீ. ஆவது போல. நீளம் குறைவதால் ரிப்போர்ட்டில் மைனஸ் 20 என்று எழுதுவார்கள். மைனஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதுதான் நல்லது. மைனஸ் 12, மைனஸ் 10 என்று வந்தால்தான் கவலை.

இது யாருக்கு அதிகம் உதவுகிறது? புற்றுநோய்க்கு அட்ரியாமைசின் போன்ற மருந்து ஏற்றுகிறவர்களுக்கு. அந்த மருந்து சிலருக்கு இதயத் தசையைப் பாதிக்கும். ஈ.எஃப். இறங்குவதற்கு முன்பே ஸ்ட்ரெயின் இறங்கிவிடும். மருந்து ஆரம்பிக்கும் முன் எடுத்த அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் பங்கு குறைந்தால் கவனிக்க வேண்டும் என்று 2014 இலேயே வல்லுநர்கள் எழுதி வைத்தார்கள். நம் பக்கத்திலிருந்து மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியத்துக்குப் போகும் தாய்மார்களின் வீட்டார் ஒரே ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு எக்கோ எடுத்து வச்சுக்கலாமா டாக்டர்?" ஆரம்ப அளவு கையில் இல்லையென்றால் பின்னால் எதோடு ஒப்பிடுவது?

ஸ்ட்ரெயினுக்கும் எல்லை உண்டு. படம் தெளிவாக விழ வேண்டும். ஒரு கம்பெனிக் கருவி சொல்லும் எண்ணும் இன்னொரு கம்பெனிக் கருவி சொல்லும் எண்ணும் கொஞ்சம் வேறுபடும். ஆகவே முடிந்தவரை ஒரே கருவியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது நல்லது. எல்லோரும் நாளைக்கே ஓடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. சுருங்குவதில் குறையில்லை, விரிவதில்தான் குறை. பல வருஷ ரத்த அழுத்தத்தால் தசை தடித்து விறைத்துப்போயிருக்கும். ஈ.எஃப். 60 இருக்கும், ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், காலில் வீக்கம் வரும். இதுவும் இதயச் செயலிழப்பில் ஒரு வகைதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உள்ள நம் வீட்டு வயதான பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். "வயசாயிருச்சு, அதான்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எக்கோவில் வால்வுக்குப் பக்கத்துத் தசை எவ்வளவு வேகமாக விரிகிறது என்று டாப்ளரால் அளந்து இதைக் கண்டுபிடிக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். மாத்திரை எங்கிருந்து வந்தாலும் சரி, டப்பாவில் சேர்த்து வைக்காமல் விழுங்கினால் அதுவே கடைமடைக்குத் தண்ணீர்.

பச்சை உடம்புக்காரியின் மூச்சு

நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது. மாணவிகள் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். மாணவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் இதயம் வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதலாக ரத்தத்தைத் தள்ள வேண்டும். அதுவரை சத்தமில்லாமல் இருந்த கோளாறு அப்போதுதான் வெளியே வரும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை இதய நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். 2023 இல் அந்த ஆய்வு வெளியானது. 1005 பெண்கள், 1029 கர்ப்பங்கள். அவற்றில் நூற்றுக்கு அறுபதுக்கு இதய நோய் இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலாகத் தெரிந்திருக்கிறது. நூற்றுக்கு 42 ருமாட்டிக் வால்வு நோய், அதாவது சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து, கவனிக்காமல் விட்டதால் வந்தது. 19 தாய்மார்கள் இறந்துபோனார்கள்.

வால்வு நோய் இல்லாமலே, கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதத்துக்குள்ளோ இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோகும் ஒரு நோயும் இருக்கிறது. பேறுகால இதயத் தசை நோய் என்று சொல்லலாம். ஈ.எஃப். 45 க்குக் கீழே இறங்கிவிடும். அபூர்வமான நோய்தான். ஆனால் அதன் அறிகுறிகளைப் பாருங்கள். கால் வீக்கம், களைப்பு, படுத்தால் மூச்சு முட்டுவது, ராத்திரி இருமல். பிள்ளை பெற்ற வீட்டில் இவற்றை யார் நோய் என்று நினைக்கிறார்கள்?

ஒரு பெண் வந்தாள். முதல் பிரசவம் முடிந்து மூன்று வாரம். "பச்ச ஒடம்பு, நீர் கோத்திருக்கு, போகப் போகச் சரியாயிரும்" என்று வீட்டில் பத்து நாள் பார்த்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாளாம். ப்ரோபை வைத்ததும் தெரிந்தது. இதயம் விரிந்து, சுவர்கள் அசைவதே அரிதாக இருந்தது. ஈ.எஃப். 28. அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். அவளுடைய அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "என் புள்ள பொழச்சுக்குமா தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே கட்டிலில் அதே பெண்ணுக்கு எடுத்தபோது 52. பலருக்கு இப்படித் திரும்ப வருகிறது. ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை. அடுத்த குழந்தையைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யவும் கூடாது.

ஆகவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்றவளுக்கோ படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை அடுக்கிக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று தெரிந்தால், இதயத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். ரத்த சோகையாகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு எக்கோ கால் மணி, அரை மணி நேர வேலை. 1959 இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2010 முதல் திருவாரூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

"இப்பதான் செல்போன் சைஸில் கருவி வந்துவிட்டதே, ஊர் ஊராக எடுத்துக்கொண்டு வரலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். கருவி வந்துவிட்டது உண்மை. ஆனால் 1994 ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவியைப் பதிவு செய்த இடத்துக்குள்ளோ நடமாடும் மருத்துவ ஊர்தியிலோதான் பயன்படுத்தலாம் என்று 2012 இல் விதி வந்தது. பெண் சிசுவைக் காக்க வந்த சட்டம் அது. தேவையான சட்டம். அந்தச் சட்டம் பிறக்க விட்ட பெண் பிள்ளை வளர்ந்து தாயாகி மூச்சுத் திணறும்போது, கருவி அவளைத் தேடி வராவிட்டால் அவளைக் கருவியிடம் கூட்டிப் போக வேண்டியது நம் பொறுப்பு.

கடைசியாகச் சில வார்த்தைகள்

எக்கோ எல்லாம் சொல்லிவிடாது. ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது எக்கோவில் நேராகத் தெரியாது. அடைப்பால் ஒரு பக்கச் சுவர் அசையாமல் போயிருந்தால் அது தெரியும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எல்லாச் சுவரும் நன்றாக அசைந்தால், அடைப்பு இருந்தும் எக்கோ நார்மலாக வரலாம். "எக்கோ நார்மல்" என்ற தாளை வைத்துக்கொண்டு மார்வலியை வாயு என்று தள்ளிவிடாதீர்கள். மார்வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி, எக்கோ அதன் பிறகு.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். முடிந்தால் படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு படத்தைவிட இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதயம் போகிற திசை தெரியும். ரிப்போர்ட்டில் ஈ.எஃப். மட்டும் பார்க்காமல், சுவர்கள் எப்படி அசைகின்றன, இதயம் எப்படி விரிகிறது, வால்வுகள் எப்படி என்று மூன்று கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். எக்கோ அறையில் உட்கார டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. இதயத் தொழில்நுட்பத்துக்கென்றே இன்று பட்டப் படிப்பு இருக்கிறது. இந்தத் துறையினருக்காக 2021 இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேறியிருக்கிறது. அலை, அதிர்வெண், எதிரொலிப்பு, டாப்ளர் என்று நீங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் ஒவ்வொன்றும் அங்கே ஒரு மனிதரின் மூச்சோடு சம்பந்தப்பட்டது. அந்தப் பாடங்களைப் புரிந்து படியுங்கள். புரியாவிட்டால், இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே என் ஆசிரியர்கள், அவர்களைப் போன்றவர்களை விடாமல் கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள்.

 சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது சட்டைப் பையிலிருந்து எக்கோ ரிப்போர்ட்டை எடுக்க நினைக்கும் நண்பர்கள், தயவுசெய்து பாயசம் முடிந்தபின் எடுக்கவும். சர்க்கரை உள்ளவர்கள் பாயசத்துக்கு முன்பே எடுக்கலாம்.